கழிவறை வாசலில் சிவப்பு பல்பு

எங்கேயாவது காலிங் பெல் சத்தம் கேட்டால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிறத்தியார் வீட்டுப் பெல் என்ன பாவம் செய்தது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கென்ன, அவர் எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டியில் குச்சி அடைக்கிறவள் நான். எங்கள் பக்கம் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். ஆபீஸ் என்றதும் மேசை, நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட நீள ஹால். ஒரு பக்கம் குச்சியை மருந்தில் முக்குகிற மெஷின், அதில் ஆண்கள். மறு பக்கம் தரையில் வரிசையாக நாங்கள். காலையில் வேன் வந்து ஊர் ஊராக எங்களை அள்ளிக்கொண்டு வரும். சாயங்காலம் அதே வேன் கொண்டுபோய்த் தள்ளும். வெயில் காலத்தில் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும்போது அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

முதலாளிக்கு ஒரே மகன். வெளியூரில் என்ஜினீயரிங் முடித்துவிட்டு வந்திருந்தான். சும்மா இருக்க மாட்டான். எந்நேரமும் போனில் வீடியோவைப் பார்த்து ஏதாவது சர்க்யூட், சென்சார், ஒயர் என்று வாங்கி, ஈயம் உருக்கி ஒட்டிக்கொண்டே இருப்பான். மேல்தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்கிற மாதிரி ஒன்று செய்தான். நாங்கள் எல்லோரும் வாயாரப் பாராட்டினோம். நான்தான் எல்லோரையும் விட அதிகமாகப் பாராட்டினேன். "கெட்டிக்காரப் பிள்ளை, தம்பி" என்றேன். அந்தப் பாராட்டு இவ்வளவு தூரம் போகும் என்று கண்டேனா!

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால், பெண்கள் கழிவறை வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு பல்பு தொங்குகிறது. ஹால் சுவரில் ஒரு பெல். கதவைச் சாத்தினால் உள்ளே இருக்கிற சென்சார் நேரம் பார்க்கும். நாலு நிமிஷம் தாண்டினால் பல்பு விட்டு விட்டு எரியும், ஹாலில் பெல் அடிக்கும். உள்ளே போனவள் வெளியே வருகிற வரைக்கும் நிற்காது. ஆண்கள் பக்கம் அப்படி ஒன்றும் கிடையாது. அவர்கள் காம்பவுண்டுக்கு வெளியே வேலிக்கருவை மறைவில் பீடியும் கையுமாக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

அந்தக் கழிவறைக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். வாளி பாதி நிறையவே நாலு நிமிஷம் ஆகும். அந்தக் குழாயைச் சரி பண்ணத் துப்பில்லை, பெல் மாட்ட வந்துவிட்டான்.

இதைவிட அநியாயம் ஒன்று உண்டு. எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அடைக்கிற பெட்டிக்குத்தான் கூலி. நாங்கள் உள்ளே நாலு நிமிஷம் இருந்தாலும் நாற்பது நிமிஷம் இருந்தாலும் முதலாளிக்கு ஒரு குச்சி நஷ்டமில்லை, நஷ்டமெல்லாம் எங்களுக்குத்தான். அப்புறம் எதற்கு இந்தக் காவல்? வைக்க முடியும், அதனால் வைத்தான். வேறு காரணம் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்து அடைக்கிற பெண் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தவள், என்னை மதினி என்று கூப்பிடுவாள். தலைச்சன் பிள்ளை. முதல் பெல் அவளுக்குத்தான் அடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் கை ஊன்றி உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டாமா? பெல் அடிக்க அடிக்க ஹாலே திரும்பிப் பார்த்தது. மெஷின் பக்கம் எவனோ சிரித்தான். ஈரக் காலோடு, சேலையைக்கூடச் சரியாக இழுத்து விடாமல் ஓடி வந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவள் தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாளிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். நாங்களும் குறைத்துக்கொண்டோம்தான், ஆனால் அவள் ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். வீட்டிலிருந்து கொண்டு வருகிற பாட்டில் சாயங்காலம் வேனில் முழுசாக அப்படியே திரும்பிப் போகும்.

"ஏட்டி, வயித்துப் பிள்ளைக்காரி, ரெண்டு மடக்கு குடி."

"குடிச்சா போகணும்லா மதினி."

பாட்டிலை மூடி அவள் பக்கத்திலேயே வைத்தேன்.

அப்புறம் ஒருநாள் அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது, அடிவயிற்றில் வலி. பெரியாஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். மூத்திரத்தில் கிருமி என்றார்கள். இப்படியே விட்டால் மாசம் நிறைகிற வரைக்கும் பிள்ளை தங்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "தண்ணியே குடிக்க மாட்டியாம்மா நீ? அந்தப் பிள்ளை மேல உனக்கு அக்கறை இருக்கா, இல்லையா?" என்று அவளைத்தான் ஏசினார். அவள் அழுதாள், நடந்ததைச் சொல்லவில்லை. நான் சொன்னேன். டாக்டரம்மா தன் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

மறுநாள் நேராக முதலாளி முன்னால் போய் நின்றேன். மகனும் அங்கேதான் இருந்தான்.

"மொதலாளி, அந்தப் பெல்லைக் கழட்டுங்க. மாசமா இருக்க அந்தப் பொண்ணுக்கு வயித்துல பிள்ளை தங்காமப் போயிரும்."

"என்னம்மா செய்ய? லைட்டர் வந்து தொழிலே படுத்துப் போச்சு. ஒரு ஒழுங்கு வேணும்லா."

எதற்கெடுத்தாலும் லைட்டர்! வேன் லேட்டாக வந்தால் லைட்டர், போனஸ் கேட்டால் லைட்டர். அந்த லைட்டரை நாங்களா விற்றுக்கொண்டு அலைகிறோம்?

"நாங்க பாத்ரூம்ல சீக்கிரம் எந்திரிச்சா ஊருல லைட்டர் விக்காதா மொதலாளி? பாத்ரூம் கட்டித் தரணும்னு சட்டத்துல இருக்கு. அதுல இத்தன நிமிசம்னு எங்கன போட்டிருக்கு?"

"இப்பம் புதுச்சட்டம் வந்திருக்கும்மா. டிவில பாக்கலயா நீ?"

அவரும் அதைப் படித்திருக்க மாட்டார், நானும் படிக்கவில்லை. ஆனால் ஒரு பொம்பிளை ஒன்றுக்குப் போவதற்கு மணி அடி என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்குப் படிப்பு வேண்டாம். அதையும் சொன்னேன்.

மகன் குறுக்கே வந்தான். "யாரையும் நாங்க திட்டலயே அக்கா. மெஷின்தான சொல்லுது."

அடேயப்பா! திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்போமே. பெல்லை என்ன கேட்க முடியும்?

அவனே பெரிய மனசு பண்ணி ஒரு வழியும் சொன்னான். கர்ப்பிணிகளுக்கு மட்டும் பச்சை அட்டை ஒன்று தருவானாம். கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து கதவருகே காட்டினால் பெல் அடிக்காதாம். வேலைக்குத் திரும்பி வந்தவளிடம் அட்டையை நீட்டினார்கள். அவள் கைநீட்டி வாங்கவில்லை.

"ஒண்ணுக்குப் போக வயித்துப் பிள்ளையக் காட்டி அனுமதி கேக்கணுமா மதினி?" என்று என்னிடம் கேட்டாள். அதுவரை அவள் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பாட்டில் தண்ணீரைக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து போனாள். நாலு நிமிஷம் ஆனது. பெல் அடித்தது. மெஷின் பக்கத்துத் தலைகள் திரும்பின.

நான் எதையும் திட்டமிடவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். வந்த ஆத்திரத்தில் என் நாக்கு தானாகச் சுழன்றது. அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி தூக்கும்போது போடுவோமே, அந்தக் குலவை. போட்டேன். எதிர் வரிசையில் ஒருத்தி எடுத்தாள். அடுத்து இன்னொருத்தி. ஒரு மூச்சுக்குள் ஹால் முழுக்கக் குலவை. பெல் சத்தம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அது நிற்கிற வரைக்கும் நாங்களும் நிறுத்துவதாக இல்லை.

சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டார்.

"யாருக்குத் தாயி சாமி வந்திருக்கு?"

குலவை மட்டும்தான். கும்பிட்ட கையோடு அங்கேயும் இங்கேயும் பார்த்தார். சிவப்பு பல்பு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்தது. அந்தப் பெண் வெளியே வந்தாள். இந்தத் தடவை ஓடவில்லை. சேலையைச் சரி செய்துகொண்டு, வயிற்றில் ஒரு கை வைத்தபடி, முதலாளியைத் தாண்டி மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலாளியின் கை அப்போதுதான் கீழே இறங்கியது. தாயி என்று கூப்பிட்ட வாயால் எங்களை எப்படி ஏசுவார்? செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு யாருக்குப் பெல் அடித்தாலும் குலவை போட்டோம். லோடு ஏற்ற வந்த லாரிக்காரர், உள்ளே என்ன விசேஷம் என்று வாட்ச்மேனிடம் விசாரித்தாராம்.

மறுநாள் பல்பும் இல்லை, பெல்லும் இல்லை. சென்சார் ரிப்பேர் என்று மகன் சொன்னான். அவர்கள் வாயிலிருந்து தப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. வராது. அந்தக் குழாயில் இன்றைக்கும் நூல் மாதிரிதான் தண்ணீர் வருகிறது. தொட்டிக்குச் சென்சார் செய்யத் தெரிந்தவனுக்கு ஒரு குழாயை மாற்றத் தெரியவில்லையாம்.

அன்றைக்கு அந்தப் பெண் பாட்டிலைத் திறந்தாள். மடமடவென்று குடித்தாள். பாதியில் நிறுத்தி, வெறும் ஒயர் நீட்டிக்கொண்டிருந்த அந்தச் சுவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம்தான் மீதியைக் குடித்தாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, இப்போது நடக்கிறது. அவளும் வேலைக்கு வந்துவிட்டாள். இன்னமும் பாதி பாட்டிலில் நிறுத்தி அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள். இதற்கு எவன் வந்து பதில் சொல்வான்?