என் பெயர் இல்லாத நோட்டு

கோவிலூர், வியாழன், காலை பத்தேகால். காரைக்குடி டவுன் பஸ் என்னை ஆரோக்கியத்தின் பஞ்சர் கடை வாசலில் இறக்கிவிடுகிறது. கல்லூரிக் கால்பந்து அணியில் எல்லா ஆட்டத்திலும் இறங்கியவன் அவன். மூன்று வருடமும் மாற்று ஆட்டக்காரனாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது அவன் செல்போனில் ஏதோ வெளிநாட்டு ஆவணத் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதில் ஒரு பயிற்சியாளர் கல்லூரிப் பையன்களின் முகத்துக்கு நேரே கத்துகிறார்.

“அண்ணே, அந்தக் காதுல பேசாதீக, கேக்காது. இங்குட்டு வந்து உக்காருங்க,” என்கிறார் அவன் மனைவி. கல்லூரியில் எங்கள் பயிற்சியாளர் அறைந்த காது அது.

“நம்ம சார் முன்னாடி இவனெல்லாம் நிக்க முடியாது மாப்ள,” என்கிறான் ஆரோக்கியம். “நீதான் அவரு திட்டுறதையெல்லாம் நோட்டுல எழுதுவியே, என்னைய அறைஞ்ச அன்னைக்கு என்ன சொல்லித் திட்டுனாரு?”

அந்தப் பழைய நோட்டு இன்றும் என் பையில்தான் இருக்கிறது. தேதியோடு வாசிக்கிறேன்: “எருமைக்குப் பூட்ஸ் மாட்டிவிட்ட மாதிரி ஓடுறான்.”

அவன் வயிறு குலுங்கச் சிரிக்கிறான்.

“காதைக் குடுத்துட்டுச் சிரிக்கிற சிரிப்பைப் பாரு,” என்கிறார் மனைவி.

“ஒன்னைய என்னடா திட்டுனாரு?”

பக்கங்களைப் புரட்டுகிறேன். அணியில் எல்லார் பெயரும் வருகிறது, அவன் பெயர்தான் அதிகம். என் பெயர் ஒரு தேதியிலும் இல்லை. அந்த மனிதருக்கு என் பெயர் தெரிந்திருந்ததா என்பதே சந்தேகம். அந்தச் செத்த காதைப் பார்த்தபடி பொறாமைப்படுகிறேன், அன்றும் பட்டேன்.

“ஒன்னையவிட மோசமா,” என்று சொல்லி நோட்டை மூடுகிறேன்.