குடலுக்குப் போட்ட உரம்

முதலில் எங்களுக்குத் தெரிந்தது கொடியில் துணி போதாமல் போனதுதான். மார்கழி மாதம் எங்கள் மலைக்கிராமமான கவுஞ்சியில் மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதுவும் காயாது. எங்கள் ஏழு மாதப் பிள்ளை தர்ஷினிக்காக என் பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருந்த துணிகளை என் மனைவி சுகன்யா அடுப்பு அனலில் ஒவ்வொன்றாகப் பிடித்து வாட்டிக்கொண்டிருந்தாள். "வெள்ளனேயிருந்து தண்ணியாத்தாங்க போறா," என்றாள். பல் முளைக்கும், அதனால் இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

அதற்கு முந்தின வாரம்தான் தர்ஷினிக்குச் சளிக் காய்ச்சல் வந்து ஆன்டிபயாடிக் (நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்து) கொடுத்திருந்தார்கள். அந்த மருந்தின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை; சளி அதில்தான் கரைந்தது. ஆனால் மருந்து முடிந்தும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

இதே பாடு படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பூண்டும் கேரட்டும் போடுகிற ஆள், வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கொடைக்கானலில் எங்களைப் பார்த்த பெண் மருத்துவர் பொறுமையானவர். உப்புச் சர்க்கரைக் கரைசலும் துத்தநாகச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார். "கெட்ட கிருமியோட சேர்த்து குடல்ல இருக்கிற நல்ல கிருமியும் கொஞ்சம் அடிபட்டிருக்குங்க. அது திரும்ப வளரணும். டைம் எடுக்கும்," என்றார்.

"அது வளர நாங்க என்ன குடுக்கணும் டாக்டரம்மா?"

"இப்போதைக்குத் தாய்ப்பால் போதும். அதுலயே ப்ரீபயாடிக் (குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்குத் தீனியாகும் சத்து) இருக்கு. வாழைப்பழம், வெங்காயம், பூண்டு இதுலயும் இருக்கு. ஆனா அதெல்லாம் பிறகு. முதல்ல பேபிக்கு வயிறு சரியாகட்டும்."

பூண்டு என்ற சொல் விழுந்த பிறகு என் காதில் வேறு எதுவும் ஏறவில்லை. எங்கள் வீட்டில் தலை நிமிர்ந்தால் பரண் முழுக்கப் பூண்டுக்கட்டுதான். ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டில் இருக்கும் மதினியிடம், அதாவது என் அண்ணன் மனைவியிடம், பெருமையாகச் சொன்னேன். "இதுக்கா கொடைக்கானல் வரைக்கும் போனீங்க? மருந்து நம்ம வீட்டுலயே கெடக்கு," என்று அவர் சிரித்தார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பயிர் வெளுத்தால் உரம் வைப்போம். அப்படியும் தேறவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் வைப்போம். கைகட்டி நின்று பார்க்கிறவனை விவசாயி என்று யாரும் மதிக்க மாட்டார்கள். பிள்ளையின் குடலையும் நாங்கள் ஒரு பாத்தி என்றே நினைத்துவிட்டோம். பூண்டை வேகவைத்து மசித்துக் கேழ்வரகுக் கூழில் கலந்தோம். மதினி பூண்டைப் பசும்பாலில் காய்ச்சிக் கொண்டு வந்தார். பார்க்க வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை, மலைவாழைப்பழத்தைக் கொண்டுவந்து பிசைந்து ஊட்டிவிட்டுப் போனார்கள்.

சுகன்யாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "பிறகுன்னு தானேங்க டாக்டரம்மா சொன்னாங்க?"

"பிறகுன்னா எப்ப? பிள்ளை எலும்பா போன பிறகா?" என்றேன்.

வயிறு உப்பியது. விரலால் தட்டினால் கொட்டுப்போலச் சத்தம் கேட்டது. காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுதாள். துணி மாற்றி மாளவில்லை, தொடையிடுக்கில் தோல் சிவந்து உரிந்தது. பிறகு அழுகை நின்றுவிட்டது. அழாமல் கிடந்த பிள்ளையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. உச்சிக்குழி (தலையின் நடுவே எலும்பு மூடாத மென்மையான இடம்) உள்வாங்கியிருந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன.

கொடைக்கானலுக்கு ஜீப் பிடித்துக் கிளம்பினோம். பூம்பாறை தாண்டியதும் பனிமூட்டத்தில் ரோடு தெரியவில்லை. "அண்ணே, வெரசா போங்கண்ணே," என்று சுகன்யா டிரைவரைக் கெஞ்சினாள். "கண்ணு தெரியலம்மா, எப்படிப் போக?" என்றார் அவர். அவள் கரண்டியில் கரைசலை எடுப்பாள், வளைவு வரும், பாதி சேலையில் கொட்டும். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கரைசல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. நர்ஸ் கையில் தேடினார், பிறகு காலில் தேடினார். பாதத்தை அசையாமல் பிடிக்கச் சொன்னார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன என் கைக்கு அந்தப் பாதத்தின் எடையே தெரியவில்லை. இறுக்கிப் பிடிக்கவும் பயம், விடவும் பயம். ஊசி ஏறியபோது பிள்ளை அழுதாள். அந்த அழுகை எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பிள்ளை பெற்றவர்களுக்குப் புரியும்.

"குடலோட உள்தோல் புண்ணாயிருக்கு. பசும்பால் இப்ப அவளுக்குச் செரிக்காது. நீங்க குடுத்த பூண்டும் பழமும் உள்ள புளிச்சு காத்தா நிக்குது," என்றார் டாக்டர்.

"நல்லதுன்னு தானே டாக்டரம்மா குடுத்தோம்."

"நல்லதுதாங்க. ஆனா இப்ப இல்ல."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"அம்மா பால் குடுப்பாங்க. கரைசலும் ட்ரிப்ஸும் நாங்க பார்த்துக்குவோம். நீங்க ஒன்னும் செய்யாம இருக்கணும்."

தாய்ப்பாலில் ஒருவகைச் சர்க்கரை இருக்கிறதாம். அது பிள்ளைக்குச் செரிக்கவே செரிக்காதாம். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளுக்காகவே அது சுரக்கிறது என்று அவர் விளக்கினார். "அப்ப எம் பால்ல பாதி அதுகளுக்கா?" என்று கேட்டாள் சுகன்யா. "பாதி இல்லம்மா, கொஞ்சந்தான்," என்றார் டாக்டர். பல நாளைக்குப் பிறகு சுகன்யா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமையாக இருந்தது. அவள் உடம்பு தானாகவே வேலை செய்துகொண்டிருந்தது. என்னிடம் கொடுக்க எதுவுமே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட பிறகும், உடனே ஊருக்குப் போக வேண்டாம் என்றார் டாக்டர். கொடைக்கானலிலேயே நாயுடுபுரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சும்மா இருந்ததில்லை. துணி அலசுவேன், வாட்டுவேன், மடிப்பேன். மதினி பஸ்ஸில் பழமும் கஞ்சி மாவும் கொடுத்துவிடுவார். அதையெல்லாம் பிள்ளை கண்ணில் படாமல் நானே தின்றுவிடுவேன். எடை கூடியது எனக்குத்தான்.

அவளுக்குக் கூடவில்லை. எடை பார்க்கப் போகும்போதெல்லாம் முள் அதே இடத்தில் நின்றது, ஒருமுறை கீழேயும் இறங்கியது. டாக்டரின் முகத்தையே பார்த்தேன். "பார்க்கலாம்," என்றார். அவராலும் காத்திருக்கத்தான் முடியும் என்று அப்போது புரிந்தது. ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

எந்த நாளில் தேறத் தொடங்கினாள் என்று என்னால் காட்ட முடியாது. ஒரு காலையில் சுகன்யா துணியைப் பிரித்துவிட்டு, "இங்க வாங்களேன்," என்றாள். கொஞ்சம் கெட்டியாக இருந்தது. இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் மறுபடி தண்ணீர். அதற்கு அடுத்த நாள் தேவலை. இப்படியே போய், ஒருநாள் முள் கொஞ்சம் மேலே ஏறியது. "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர். "ஒன்னும் குடுக்கல டாக்டரம்மா," என்றேன்.

பிறகு டாக்டர் சொன்னபடி ஒவ்வொரு உணவாகக் கொடுத்தோம். முதலில் அரிசிக் கஞ்சி, வெகு நாள் கழித்து ஒரு கரண்டி வாழைப்பழம். ஒன்றைக் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருப்போம். இப்போது அவளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. அவள் வயதுப் பிள்ளைகள் நடக்கிறார்கள், இவள் இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நிற்கிறாள். முழுக்கத் தேறிவிட்டாள் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்பதில்லை. அவள் வயிற்றுக்குள் நடப்பது எனக்கு எட்டாத இடம். அங்கே கோடிக்கணக்கில் ஏதேதோ பிழைத்துக்கொண்டிருக்கின்றன, என் பிள்ளை அவற்றை நம்பி இருக்கிறாள்.

நேற்று மதியம் என் வயிற்றின் மேல் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு இரைந்தது. அவளுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. மூச்சை அடக்கிக் கேட்டேன், அப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளியே கேரட் ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்தது. "ஏலே, சோலி கெடக்கு, வாலே," என்று அண்ணன் கூப்பிட்டார். நான் அசையாமல் படுத்திருந்தேன்.