குப்பை விழாத சுவர்

உளவியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நமசிவாயத்தின் தென்காசி வீட்டுச் சுவரோரம்தான் தெருவே குப்பை கொட்டிவந்தது. தினமும் காலையில் எதிர்வீட்டு முப்பிடாதியம்மாள் பையை வீசுவார். இவர் வெளியே வந்து சத்தம் போடுவார். அந்த அம்மாளும் சளைக்காமல் பதில் சொல்வார். மனைவி யோகலட்சுமி இறந்தபிறகு, நாள் முழுக்க நமசிவாயத்தோடு ஒருவர் பேசினார் என்றால் அந்தப் பத்து நிமிடம்தான்.

இரண்டு கண்கள் பார்ப்பதுபோல் படம் இருந்தாலே மனிதன் ஒழுங்காக நடந்துகொள்வான் என்பது அவர் முப்பது வருடம் நடத்திய பாடம். மனைவியின் முதலாண்டு நினைவஞ்சலி போஸ்டரில் கண்களை மட்டும் பெரிதாக்கச் சொல்லி, சுவரில் ஒட்டினார். ஆய்வு மாபெரும் வெற்றி. மறுநாள் முதல் ஒரு வாழைப்பழத் தோல்கூட விழவில்லை. சண்டையும் நின்றுபோனது.

ஒரு மாதம் பொறுத்த பேராசிரியர், குற்றாலத்துச் சாரல் தெருவரை வந்த ஒரு காலையில், போஸ்டரை உரித்துக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

"எடுத்தாச்சும்மா. இனிமே குப்பைய இங்கனயே போடுங்க."

"எதுக்கு சார்வாள்? போஸ்டர்ல மதினி முறைச்ச முறைப்புல தெரு முக்குக் குப்பைத் தொட்டிக்கே போய்ப் பழகிட்டு. உங்களுக்கும் தொந்தரவு இல்லலா?" என்று முப்பிடாதியம்மாள் கதவைச் சாத்தினார்.

ஈரப் போஸ்டரைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே ஒட்டினார் நமசிவாயம். அதன்பிறகு அவர் ஒரு பருக்கைகூடக் கீழே சிந்தியதில்லை. ஆய்வு அங்கேயும் வெற்றிதான்.