மாடியில் மாட்டிய பத்திரிகை

மகளுக்குத் திருப்பரங்குன்றத்தில் காதுகுத்து. பத்திரிகையை நானே அடித்தேன். என் கம்ப்யூட்டரில் இடமில்லை. இரண்டையும் இணைக்கும் வயர் வழியாக மாடியில் இருக்கும் மச்சினன் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தேன்.

மறுநாள் அச்சகத்துக்குக் கொடுக்கணும். திறந்தால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது. மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வயரையெல்லாம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணே, மிஷின்ல கோளாறு இல்ல. மாடி கம்ப்யூட்டர்ல அனுமதி லிஸ்ட்லருந்து உங்க பேர எடுத்துட்டாங்க.”

ஏறிப் போனேன். “என்ன மாப்ள, எம்பேர எடுத்துட்ட?”

“பத்திரிகையில தாய்மாமன் பேரு எங்க மாமா? எம்மடியில வச்சுத்தான காது குத்தணும்?”

அவனே தன் பேரை உச்சியில் பெரிதாக அடித்தான். அப்புறம் அனுமதி கொடுத்தான், பார்க்க மட்டும்.

“மாத்தணும்னா?”

“காது குத்தி முடியட்டும் மாமா.”

மனுசனை விட்டுவிட்டு மிஷினைத் தட்டியிருக்கிறேன். இப்போதெல்லாம் எது திறக்காவிட்டாலும் முதலில் மாடி ஏறிவிடுகிறேன்.