செல்வி போட்டிருந்த சட்டை

போன வாரம் போடி பஸ் நிலையத்தில், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்ட ஒரு பெண் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள் குளிருக்கு அப்படித்தான் போடுவார்கள். பார்த்ததும் எனக்குச் செல்வி ஞாபகம்.

அப்போது நான் டாக்டராகி ஓராண்டுகூட ஆகவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து கழற்றாமலே காய்கறி வாங்கப் போகிற வயது. போடியில் நாலு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. ஒரு மத்தியானம், போடிமெட்டுப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து செல்வியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு இழுத்தது, வாயில் நுரை தள்ளியது, உடம்பு வேர்வையில் நனைந்திருந்தது.

"இளைப்புங்கம்மா. வெரசா ஊசி போடுங்க" என்றான் கணவன் முருகன்.

இளைப்பென்றால் நாடி வேகமாக ஓடும். செல்விக்கோ நின்று நின்று அடித்தது. இமையை விலக்கினேன். கண்ணின் பாவை குண்டூசி முனையாகச் சுருங்கியிருந்தது. பூச்சிமருந்து விஷம்.

நான் சொன்னதுதான் தாமதம், முருகனின் அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "காலைல ரெண்டு பேருக்கும் சண்டை. மருந்தக் குடிச்சிட்டா பாதகத்தி." கட்டிலைச் சுற்றி நின்ற சனம் முணுமுணுத்தது. செல்வி பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

முறிமருந்தை ஏற்றிக்கொண்டே அவள் வாயருகே குனிந்தேன். என் மூக்கின் மேல் எனக்கு எப்போதும் நம்பிக்கை. அடுத்த வீட்டில் பால் அடிப்பிடித்தாலும் நான்தான் முதலில் சொல்வேன். வாயில் மருந்து வாடை இல்லை. தோள்பக்கம் வந்ததும் மூக்கில் ஏறியது. அவள் மேலே போட்டிருந்த சட்டை ஈரமாக இருந்தது.

"யாரு சட்டை இது?"

"என்னுதுதேன். நேத்து மருந்தடிக்கையில டேங்கு ஒழுகிருச்சு. துவைக்காம கொடியில போட்டிருந்தேன்" என்றான் முருகன்.

சட்டையைக் கத்தரித்து எறிந்தேன். நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "செல்வி எதையும் குடிக்கல. சட்டையில இருந்த மருந்து தோல் வழியா ஏறியிருக்கு."

நானும் நர்ஸும் சோப்புப் போட்டுச் செல்வியைக் கழுவி முடிக்கும்வரை வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தது முருகனின் அக்காதான். முறிமருந்து திரும்பத் திரும்ப ஏற, பொழுது சாய்வதற்குள் மூச்சு சீரானது. பேச்சு வந்ததும் செல்வி முதலில் கேட்டாள்: "நான் குடிக்கலேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டீங்களா டாக்டரம்மா?"

"சொல்லிட்டேன் ஆத்தா."

உயிரைக் காப்பாற்றியதைவிட அந்தப் பதிலில்தான் எனக்கு இன்றைக்கும் பெருமை.

பிறகு பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போனேன். அங்கே உறவுக்காரர்களைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். நோயாளிக்கு அது நல்லதுதான். யாராவது ஒருவரைத் தனியறைக்குக் கூப்பிட்டு, மெதுவான குரலில் விவரம் சொல்கிறோம். கூட வந்த சனமெல்லாம் கேட்கும்படி, கட்டிலருகே நின்று ஒரு பெண்ணுக்காகச் சத்தமாகப் பேச இப்போது இடமில்லை.