அந்த ஒரு சிங்கிளில் மட்டும் நகம் வைக்காதீர்கள்

எட்வின் இல்லை.

நேற்று ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்தான் வந்தான். ஏறினதும் எப்போதும் சொல்வதைச் சொன்னான். "மண்ணூர் வந்தா எழுப்புடா."

மண்ணூர் வந்தது. தோளைத் தட்டினேன்... எழுந்திருக்கவில்லை.

ஹார்ட் என்றார் டாக்டர். வாரம் முழுக்க ஓ.டி. பார்த்திருந்தான். யார் மேலாவது கோபப்படலாம் என்றால் அதற்கும் தெம்பில்லை.

நம் பழைய இசைத்தட்டு ரெக்கார்டு குரூப்பில் பலருக்கு அவன் வெறும் குரல்தான். யாராவது போட்டோ போட்டு, வெளிநாட்டில் அச்சடித்தது என்ற பெருமையில் "ஃபாரின் பிரஸ்ஸிங், செம" என்று எழுதினால் போதும், உடனே ஒரு வாய்ஸ் நோட் வந்து விழும். "லேபிள நம்பாத பாஸ். லேபிளு இன்னா வேணா சொல்லும். பாட்டு முடிஞ்சி வெறுமையா ஒரு வளையம் கீது பாரு, அதுல கீறி வெச்ச நம்பர காட்டு."

வேலையிலும் அவன் அப்படித்தான். ஒரகடத்தில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் குவாலிட்டி. பார்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது, பிசிறு இருந்தால் ரிஜெக்ட் போடுவது.

ஆறு நாள் அதைச் செய்துவிட்டு லீவு நாளில் பழைய ரெக்கார்டுகளை வைத்துக்கொண்டு அதையே செய்வான். பைத்தியக்காரன்.

ஒருமுறை வாலாஜாபாத்தில் ஒரு பழைய சாமான் கடையில் எனக்கு ஒரு சிங்கிள் மாட்டியது, பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள சின்னத் தட்டு. நடுவில் பெரிய ஓட்டை. வெளிநாட்டு சிங்கிள் பலவற்றில் அப்படி இருக்கும், நம் ஊர் அச்சில் சின்னதுதான். துள்ளிக்கொண்டு அவனிடம் போனேன்.

ஓட்டையின் விளிம்பில் நகத்தை ஒரு சுற்று ஓட்டினான். "இன்னாடா முரளி, பிசிறு கடிக்குது. லோக்கல் சரக்குடா. ஜூக்பாக்ஸ்ல மாட்றதுக்கோசரம் எவனோ நோண்டிப் பெருசாக்கிக்கீறான்."

ஓட்டலில் காசு போட்டால் பாடுமே, அந்தப் பெட்டிக்குப் பெரிய ஓட்டை வேண்டுமாம். என் மூஞ்சி தொங்கிப்போனது. ஒரு வாரம் கேன்டீனில் என்னை "ஃபாரின்" என்றே கூப்பிட்டான்.

இனி எழுதப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது. எழுதாமல் இருந்திருக்கலாம்... ஆனால் நாளைக்கு அடக்கத்துக்கு நீங்கள் வருகிறீர்கள். அதனால் இந்தப் பதிவைக் குரூப் நண்பர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறேன். ஷேர் பண்ணாதீர்கள்.

எட்வின் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். ரெக்கார்டு அச்சடிக்கிற ஃபேக்டரி. திரும்பி வரவே இல்லை, கடிதாசும் இல்லை.

ஊர்க்காரர் ஒருவர் லீவில் வந்தபோது ஒரு சிங்கிளை அம்மா கையில் கொடுத்து, "அவரு அனுப்பிச்சாரு, அவரே அடிச்சது" என்றாராம். வந்தது அது ஒன்றுதான். அம்மா இத்தனை வருஷம் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவன் இந்தக் கிறுக்கில் விழுந்ததே அதனால்தான். சிங்கப்பூர் அச்சு எங்கே கிடைத்தாலும் வாங்கினான். வாங்கி வாங்கி, பார்த்துப் பார்த்து, கண் தேறிவிட்டது. பிறகு ஒரு லீவு நாள், நான் அவன் வீட்டில் இருந்தபோது, அப்பா அனுப்பிய சிங்கிளை முதல்முறையாக டார்ச் அடித்துப் பார்த்தான்.

வளையத்து எண்ணைப் பார்த்தான். ஓட்டையில் நகத்தை ஓட்டினான். இன்னொரு முறை ஓட்டினான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

சமையல்கட்டிலிருந்து அம்மா கேட்டார்கள். "இன்னா எட்வினு, ஃபாரின்தான?"

"ஃபாரின்தாம்மா. ஒரிஜினலு."

மயிரிழை பிசிறுக்கு ஒரு லாட்டையே திருப்பி அனுப்புகிறவன். அதற்குப் பிறகும் சிங்கப்பூர் சிங்கிள் வாங்குவதை அவன் நிறுத்தவில்லை.

இன்று காலை போயிருந்தேன். அம்மா அழவில்லை. கவரோடு அந்த சிங்கிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"முரளி, நாளிக்கி உங்க குரூப்பு ஆளுங்கல்லாம் வராங்களாமே. ரெக்கார்டு பத்தி நல்லா தெரிஞ்சவங்களாமே. இத அவங்க கைல ஒரு தபா காட்டிட்டு அப்பால பெட்டில வெக்கிறேன். அவுங்கப்பா குட்த்தது, அவன்கூடவே போட்டும்."

சரிம்மா என்றேன்.

அதனால் கேட்கிறேன். நம் கை சும்மா இருக்காது, தெரியும். ரெக்கார்டைக் கையில் வாங்கினதும் விரல் தானாக ஓட்டைக்குப் போகும், இன்னொரு கை டார்ச்சைத் தேடும். நாளைக்கு ஒருநாள் வேண்டாம்.

ஓரத்தைப் பிடித்து வாங்குங்கள். "ஃபாரின்தாம்மா" என்று சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தூங்குடா எட்வினு. மண்ணூர் வந்துடுச்சு... எழுப்பல.