நாத்தனார் நடுவில் உட்கார்ந்த பலகை

ரங்கூனில் பனி பெய்யாது. மழை பெய்யும், பெய்ய ஆரம்பித்தால் மாதக்கணக்கில் துணி காயாது. திஞ்சான் பண்டிகை வந்தால், மழை இல்லாத குறைக்கு மனுஷர்களே வாளியில் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். பனி மட்டும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், பபேடான் பேட்டையில், ஒரு மூன்றாம் மாடி வீட்டு ஹாலில், பனிமலையில் சறுக்கி இறங்குவதற்கென்று ஒரு பலகை செய்தார்கள். அது என் வீடு. செய்தவர் என் மாப்பிள்ளை. ஊரையே புரட்டிப்போட்ட பெரிய புயலுக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது. தெருவில் இதை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். என் நாத்தனார் சொல்வது எல்லாவற்றிலும் மோசம். அதனால் நானே சொல்லிவிடுவது நல்லது.

மாப்பிள்ளை வடக்கு ஜப்பானில் ஒரு வெந்நீர் ஊற்று ஓட்டலில் வேலையாக இருந்தார். அங்கே பனி கொட்டுகிற மாதங்களில்தான் கூட்டம். பனி கரைந்தால் ஆளைக் குறைப்பார்கள். அப்போது இங்கே வந்துவிடுவார், மழையோடு மழையாக. அந்த வருஷம் வந்தபோது பெட்டியில் சேலை இல்லை, சென்ட் இல்லை, ஒரு ரேடியோகூட இல்லை. சுருட்டின வழுவழு பிளாஸ்டிக் தகடு ஒன்றும், மெல்லிய இரும்புப் பட்டைகளும் இருந்தன. ஓட்டலுக்குப் பக்கத்தில் பனிப்பலகை செய்யும் பட்டறை ஒன்று உண்டாம். அந்தப் பட்டறைக்காரர் இவரிடம், "உன் ஊரில் உன் கையால் ஒரு பலகை செய்து கொண்டு வா. புதுப் பனியில் அது மிதந்தால் உன்னைப் பட்டறையில் சேர்த்துக்கொள்கிறேன், மனைவியையும் கூட்டிவரலாம்" என்று சொன்னாராம்.

அந்த மனைவி என் மகள். எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. ஆக, பலகை மிதந்தால் அவள் போவாள், மூழ்கினால் என்னோடு இருப்பாள். இது எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. புரிந்தும் ஹாலைக் காலி செய்து கொடுத்தேன். மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொன்ன வீடு என்று பேர் வரக் கூடாது பாருங்கள்.

கேட்டார் என்றால் என்னிடம் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேச மாட்டாள், அவர் முன்னால் உட்காரவும் மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்ல வேண்டும். என் மாமியார் அப்படித்தான் இருந்தார். ஆனால் இந்த ஊர் மாடி வீடு ரயில் பெட்டி மாதிரி. முன்னால் பால்கனி, பின்னால் அடுப்பு, நடுவில் கதவே கிடையாது, ஒரு திரைதான். அதனால் நான் சுவரைப் பார்த்துப் பேசுவேன். அம்மன் காலண்டர் மாட்டின சுவர். "சாப்பாடு ஆறுது" என்று சுவரிடம் சொல்வேன். "இதோ வர்றேன்" என்று மாப்பிள்ளையும் சுவரிடமே சொல்வார். மரியாதையில் ஒரு குறைவும் வந்ததில்லை.

முதல் தகராறு மரத்தில் வந்தது. பலகைக்கு நடுவில் வைக்க இலவ மரச் சட்டங்களும் மூங்கில் பட்டைகளும் வாங்கி வந்திருந்தார். இலவ மரம் தீக்குச்சி செய்கிற மரம். என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் துறைமுகத்தில் தேக்கு ஏற்றி இறக்கிய மேஸ்திரி. இந்த வீட்டில் அரிவாள்மனைகூடத் தேக்கில்தான் இருக்கிறது. சுவரிடம் சொன்னேன்: "பர்மாவுல இருந்துக்கிட்டு தீக்குச்சி மரத்துல பலகை செஞ்சா அந்த ஜப்பான்காரன் நம்மள என்ன நினைப்பான்? தேக்கு கிடைக்கலன்னா நான் வாங்கித் தர்றேன்."

"தேக்கு முங்கிடும்" என்றார் மாப்பிள்ளை.

"தேக்கு முங்குமா? ஆத்துல கட்டு கட்டா மிதந்து வருதே."

"அம்மா, அவரு தண்ணியச் சொல்லல. பனியச் சொல்றாரு" என்றாள் மகள்.

மாப்பிள்ளை எழுந்து அடுப்படிக்குப் போனார். இடியாப்பத்துக்கு நான் சலித்து வைத்திருந்த அரிசி மாவு ஒரு தாம்பாளத்தில் இருந்தது. புதுப் பனி இந்த மாவு மாதிரிதான், கால் வைத்தால் இடுப்பு வரை போய்விடும் என்றார். என் தேக்கு மத்தை மாவின் மேல் விட்டார். புதைந்துவிட்டது. தீப்பெட்டியை விட்டார். மேலேயே நின்றது. பலகையின் முன்பக்கம் அகலமாக, மேலே தூக்கி இருக்க வேண்டும், பின்பக்கம் குறுகி இருக்க வேண்டும், மரம் எடையே இருக்கக் கூடாது என்று மாவில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்தது. அன்றைக்கு இடியாப்பம் இல்லை என்பதும் புரிந்தது.

அப்புறம் வேலை நடந்தது. மரத்தைச் சீவிச் சீவி வீடெல்லாம் தூள். சாம்பாரிலும் தூள். ஆற்றங்கரையில் படகுக்கு ஒட்டுப் போடுகிறவர்களிடமிருந்து கண்ணாடி நார்த் துணியும் பிசினும் வாங்கி வந்தார். இங்கே மாடிக்காரர்கள் எல்லாரும் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டிருப்போம், நுனியில் ஒரு கிளிப்பு, பேப்பரும் காய்கறியும் அதில்தான் மேலே வரும். எங்கள் கயிற்றில் பிசின் டப்பா ஏறியது. அதன் நாற்றத்தில் கீழ்மாடி பர்மாக்கார அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி வந்தார். அவரை நாங்கள் டோலே என்று கூப்பிடுவோம், சின்னம்மா என்கிற மாதிரி. பலகையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "படகா?" என்றார். இல்லை என்றோம். "இஸ்திரி மேஜையா?" இல்லை. "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று குரலை இறக்கிக் கேட்டார். பாடை என்று நினைத்துவிட்டார் போல. டீ கொடுத்துக் கீழே அனுப்பினேன்.

பேச்சு பரவி வார்டுத் தலைவரும் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்து முடித்த பிறகுதான் கேட்டார்.

"இது எதுக்கு?"

"பனியில் சறுக்க" என்றாள் மகள்.

"ரங்கூனில் பனி இல்லையே."

"அதனால்தான் வெளியே கொண்டு போகிறோம்" என்றேன் நான்.

அவர் குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு டீ கேட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை அமுக்குவது. பிளாஸ்டிக் தகடு, ஓரத்தில் இரும்புப் பட்டை, நார்த் துணி, மரம், மறுபடி நார்த் துணி, எல்லாவற்றையும் பிசினில் நனைத்து, வளைவாகச் செய்த ஒரு மர அச்சின் மேல் அடுக்கி, பிசின் இறுகும் வரை அழுத்தி வைக்க வேண்டும். அதற்கு ஒரு இரும்புச் சட்டமும் லாரி ஜாக்கியும் இரவல் வாங்கி வைத்திருந்தார். பிசினைக் கலந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. அமுக்கினால் பலகை, அமுக்காவிட்டால் குப்பை. கொண்டு வந்த தகடும் ஒன்றுதான்.

அவர் கலந்த நாள் ஆடி வெள்ளிக்கிழமை. அம்மனுக்குக் கூழ் காய்ச்ச என் வீட்டில்தான் பெண்கள் கூடுவார்கள். தெருவிலேயே நீளமான ஹால் என்னுடையது. வேறு நாள் பார்த்தால் என்ன என்று சுவரிடம் கேட்டேன். இன்றைக்குத்தான் நம் தெருவுக்குக் கரண்டு வருகிற முறை, மிஷினில் தேய்க்க வேண்டியது இருக்கிறது என்று சுவர் வழியாகப் பதில் வந்தது. சரி என்று கூழை அடுப்படிப் பக்கம் ஒதுக்கினோம்.

என் நாத்தனார் பக்கத்துப் பேட்டை லத்தாவிலிருந்து வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். நல்ல பாரி உடம்பு. அவர் மாப்பிள்ளை லத்தாவில் மொத்தக் கடை வைத்திருக்கிறவர். அதை அவர் சொல்லாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

மாப்பிள்ளை பிசினைக் கலந்து, அடுக்கி, மேலே தடிப்பலகையை வைத்து ஜாக்கியை ஏற்றினார். டக்கென்று ஒரு சத்தம். ஜாக்கியிலிருந்து எண்ணெய் ஒழுகி, ஏறினது எல்லாம் மெதுவாக இறங்கிவிட்டது. மறுபடி ஏற்றினார், மறுபடி இறங்கியது. அவர் முகம் வெளுத்துவிட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றிருந்தேன். ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தால் போதும். பிசின் தன்னாலே இறுகியிருக்கும், மகள் என்னோடு இருந்திருப்பாள். அம்மனே பார்த்துச் செய்தாள் என்றுகூட நினைத்தேன். அப்போதுதான் நாத்தனார் பேசினார்.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். கடை கண்ணி வச்சிருக்கற மாப்ளையாப் பாருன்னு. ஒரு பலகைய அமுக்கத் தெரியல, பனியில ஓட்டப் போறாராம்."

கூழ் கிண்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். டோலேவுக்குத் தமிழ் தெரியாது, அவரும் சிரித்தார்.

கரண்டியைக் கீழே வைத்தேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். சுவர் அங்கேதான் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை.

"மாப்ளே, பாரம்தானே வேணும்? யாரு எங்க உக்காரணும்னு சொல்லுங்க."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ரெண்டு ஓரத்துலயும் பாரம் வேணும் அத்தை. நடுவுல லேசா இருந்தாப் போதும்."

அவர் கணக்கு அது. ஆனால் எங்கள் பெண்களை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு வேறு கணக்கு இருக்கிறது. கல்யாணமானாலும் காரியமானாலும் மூத்தவர் நடுவில், மற்றவர்கள் முறைப்படி இரண்டு பக்கமும். ஓரம் என்பது வேண்டாதவர்களுக்கு. நாத்தனாரை ஓரத்துக்கு வரச் சொன்னதும் அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"என் தம்பி வீட்டுல எனக்கு ஓரமா?"

"அண்ணி, பலகைக்காக."

"பலகைக்கு என் மரியாத தெரியாது. உனக்குத் தெரியணும்."

பிசின் சூடேறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. மாப்பிள்ளை இரும்புச் சட்டத்தையும் ஜாக்கியையும் விலக்கினார், நாத்தனார் நடுவில் உட்கார்ந்தார். தடிப்பலகை முனகியது. ஒரு பக்கம் டோலே, அவருக்குப் பக்கத்தில் தையல்கார அம்மா. மறுபக்கம் பால்கார வீட்டு மருமகள். முன்நுனிதான் பாக்கி. மாப்பிள்ளை முன்னால் ஒரு நாளும் உட்காராத நான் அந்த நுனியில் உட்கார்ந்தேன். அவர் தரையைப் பார்த்தார். நான் பால்கனியைப் பார்த்தேன்.

"யாரும் அசையக் கூடாது" என்றார்.

அசையவில்லை. கூழ் அங்கேயே வந்தது. டீ கயிற்றில் வந்தது. தையல்கார அம்மாவுக்குக் கால் மரத்துப்போய், அம்மன் பாட்டை உரக்கப் பாடினார். டோலே வெற்றிலை மென்றபடி, நாங்கள் எந்தச் சாமிக்கு இப்படிச் செய்கிறோம் என்று பால்கார வீட்டு மருமகளிடம் கேட்டார். ஜப்பான் சாமி என்று அவள் சொன்னாள். டோலே கும்பிட்டுக்கொண்டார். நாத்தனார் மட்டும் தன் மாப்பிள்ளையின் கடையைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொன்னார். எழுந்து போக முடியாமல் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்தோம். எழுப்பிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். மறுநாள் மாப்பிள்ளை பலகையை அச்சிலிருந்து எடுத்தார். நாத்தனாரின் பாரத்தில் அச்சே நடுவில் அமுங்கியிருந்தது. பலகை நடுவில் தாழ்ந்து, இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு, ஆற்றில் ஆள் ஏற்றும் சம்பான் மாதிரி இருந்தது. அவர் நினைத்த வளைவு அது இல்லை, நடு கொஞ்சம் மேலே எழும்பி இருக்க வேண்டுமாம். ரொம்ப நேரம் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

"போச்சா மாப்ளே?" என்று கேட்டேன்.

"தெரியல அத்தை" என்றார்.

இருந்தாலும் ஓரம் தேய்த்து, மெருகு போட்டு, என் பழைய போர்வையில் சுற்றி, மிங்கலாடோன் விமான நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். நாத்தனார் தெருவெல்லாம் சொன்னார், தன்னால்தான் பலகை கெட்டது என்று இல்லை, தான் உட்கார்ந்தும் கெட்டுவிட்டது என்று.

கார்த்திகையில் போன் வந்தது. பட்டறைக்காரர் புதுப் பனியில் இறங்கிப் பார்த்தாராம். பலகை மூழ்கவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலேயே மிதந்து வந்ததாம். புதுப் பனிக்கு இப்படி நடு தாழ்ந்த வளைவுதான் நல்லது, எங்கே கற்றாய் என்று கேட்டாராம். மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு. தை மாதம் அவள் போனாள். பெட்டியைக் கயிற்றில்தான் இறக்கினோம், கொஞ்சம் கொஞ்சமாக.

அதற்கப்புறம் வீட்டில் சுவரும் நானும்தான். பேசினால் பதில் வருவதில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் ஒரு நாள் மாப்பிள்ளையே போன் செய்தார். போனில் சுவர் கிடையாது, பழகிவிட்டது. பட்டறையில் நல்ல மிஷின் இருக்கிறதாம், எத்தனை செய்தும் அந்த முதல் வளைவு வரவில்லையாம். பட்டறைக்காரர் அதே போல இன்னொன்று கேட்கிறாராம்.

"அத்தை, அன்னைக்கு யார் யார் எங்க உக்காந்தீங்க, எவ்வளவு எடை இருப்பீங்கன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?"

நாத்தனாரின் எடையைப் போனில் சொல்வதா? அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

"அதெல்லாம் சொல்லி வராது மாப்ளே" என்றேன். "தகட்டை எடுத்துக்கிட்டு இங்க வாங்க. நாங்க உக்கார்றோம். தனியா வராதீங்க. என் மகளக் கூட்டிக்கிட்டு ஆடி வெள்ளிக்கு வந்தாத்தான் ஆள் கூடும்."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ ஏதோ சொன்னார். மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

போனை வைத்துவிட்டு லத்தாவுக்கு ஆள் அனுப்பினேன், அண்ணிக்கு நடுவில் இடம் போட்டு வைத்திருக்கிறேன் என்று. வருஷா வருஷம் ஆடியில் இருவரும் தகட்டோடு வர, இப்போது அப்படித்தான் நடக்கிறது. கூழ் கொஞ்சம் பிசின் வாசனையாக இருக்கும். யாரும் குறை சொல்வதில்லை.